கலங்கரை விளக்கத்துக்கு யார் காசு கொடுத்தார்கள்?

கலங்கரை விளக்கம் என்றதும் சென்னைக்காரர்களுக்கு மெரினாவில் நிற்கும் சிவப்பு வெள்ளைக் கோபுரம் ஞாபகம் வரும். பொன்னியின் செல்வன் படித்தவர்களுக்குக் கோடிக்கரையும் பூங்குழலியும் ஞாபகம் வரும். என்னைப் போல பி.காம். படிப்பவர்களுக்கு வருவது வேறு: பொருளாதாரப் பாடத்தில் 'பொதுப் பண்டம்' என்ற அத்தியாயம்!

தெரியாதவர்களுக்காக இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். இட்லிக்குக் காசு கொடுக்காதவனுக்குக் கடைக்காரர் இட்லி தரமாட்டார். நான் தின்ற இட்லியை இன்னொருவர் தின்னவும் முடியாது. ஆனால் கலங்கரை விளக்கம் அப்படியல்ல. விளக்கை ஏற்றிவிட்டால் காசு கட்டிய கப்பலுக்கும் தெரியும், கட்டாத கப்பலுக்கும் தெரியும். ஒரு கப்பல் பார்த்துவிட்டதால் அடுத்த கப்பலுக்கு வெளிச்சம் குறைந்துவிடாது. அப்படியானால் எவன் காசு கொடுப்பான்? எல்லோரும் 'அடுத்தவன் கட்டட்டும்' என்று இருந்துவிடுவார்கள். அதனால் இதை அரசாங்கம்தான் செய்யவேண்டும் என்று 1848-லேயே ஜான் ஸ்டூவர்ட் மில் எழுதினார். அவருக்குப் பின் வந்தவர்களும் அதே உதாரணத்தைச் சொல்லிக்கொண்டே வந்தார்கள்.

1974-ல் ரொனால்டு கோஸ் என்ற பொருளாதார அறிஞர் ஒரு கேள்வி கேட்டார். "எல்லோரும் கலங்கரை விளக்கத்தை உதாரணம் சொல்கிறீர்களே, அதன் வரலாற்றை யாராவது பார்த்தீர்களா?" என்பதுதான் அதன் சாரம். அவரே தேடிப் பார்த்தார். இங்கிலாந்தில் பல விளக்குகளைத் தனி ஆட்கள், அரசரிடம் உரிமம் வாங்கி, சொந்தக் காசில் கட்டியிருந்தார்கள். கடலில் வசூலிக்க முடியாது, சரி. ஆனால் கப்பல் எப்படியும் ஒரு துறைமுகத்துக்கு வந்துதானே ஆகவேண்டும்? அங்கே வைத்து வசூலித்தார்கள். நல்ல லாபமும் பார்த்தார்கள். 1836-ல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் சட்டம் போட்டு இந்தத் தனியார் விளக்குகளை வாங்கத் தொடங்கியபோது, ஸ்கெரீஸ் என்ற ஒரே ஒரு விளக்குக்கு ஏறக்குறைய 4,45,000 பவுன் கொடுக்கவேண்டியிருந்தது. கோஸுக்கு 1991-ல் நோபல் பரிசு கிடைத்தது.

இதைப் படித்ததிலிருந்து எனக்கு ஒரு ஆசை. நம்ம ஊர்க் கடற்கரையில் நிற்கும் விளக்குகளை யார் ஏற்றினார்கள், யாருக்காக ஏற்றினார்கள், யார் காசில் ஏற்றினார்கள் என்று பார்க்கவேண்டும். செமஸ்டர் விடுமுறையில் நண்பர்கள் நான்கு பேர் இரண்டு பைக்குகளில் சென்னையிலிருந்து மல்லிப்பட்டினத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மனோரா வரைக்கும் போனோம். மற்ற மூன்று பேருக்கும் கடற்கரைகள் மேல் கண், எனக்கு விளக்குகள் மேல். நான்கு நாளும் சண்டை இல்லாமல் போனதற்குக் காரணம், இரண்டும் ஒரே இடத்தில் இருப்பதுதான்.

கரைவது என்றால் அழைப்பது

போவதற்கு முன்னால் பெயரைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். கலங்கரை என்றதும் நாம் 'கரை'யைத்தான் நினைக்கிறோம். ஆனால் இந்தக் 'கரை' கடற்கரை இல்லை, காகம் கரைகிறது என்கிறோமே, அந்தக் கரைதல். கரைதல் என்றால் கூப்பிடுதல். கலம் என்றால் கப்பல். கலங்களைக் கூப்பிடும் விளக்கு, அதுதான் கலங்கரை விளக்கம்.

பத்துப்பாட்டில் ஒன்றான பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் நீர்ப்பெயற்று என்ற துறைமுகத்தைச் சொல்கிறார். அங்கே கூரை வேயாத உயர்ந்த மாடம் ஒன்று இருக்கிறது. ஏணி சாத்தித்தான் அதில் ஏறவேண்டும். இரவில் அதன் உச்சியில் ஏற்றும் நெருப்பு, கடலில் திசை தெரியாமல் ஓடும் கலங்களைக் கூப்பிடும். சிலப்பதிகாரத்திலும் கடலாடு காதையில், புகார்க் கடற்கரையில் எரிந்த பலவகை விளக்குகளில் ஒன்றாகக் கலங்கரை விளக்கம் வருகிறது. ஆக, விளக்கு 'இங்கே வராதே, பாறை இருக்கிறது' என்று எச்சரிப்பது என்று நாம் நினைக்கிறோம். நம் முன்னோர் வைத்த பெயரோ 'வா, இங்கே வியாபாரம் இருக்கிறது' என்று கூப்பிடுகிறது. வணிகவியல் மாணவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்!

இந்தக் கடற்கரைக்கு அப்படி ஒரு கூப்பாடு தேவையாகவும் இருந்தது. சோழமண்டலக் கடற்கரை தட்டையானது. கடலில் இருந்து பார்த்தால் மணலும் பனையும்தான். எந்த ஊர் எது என்று கண்டுபிடிக்க மலை கிடையாது. இயற்கைத் துறைமுகமும் அரிது. பெரிய கப்பல்கள் கரையிலிருந்து தள்ளி நடுக்கடலிலேயே நங்கூரம் போட்டு நிற்கும். ஆளையும் சரக்கையும் கயிற்றால் பலகைகளைத் தைத்துச் செய்த மசூலா படகுகளில் அலையைத் தாண்டி ஏற்றி இறக்குவார்கள். எங்கே நிற்பது என்று இரவில் தெரியாவிட்டால் கப்பல் ஊரைத் தாண்டிப் போய்விடும், அல்லது மணல்திட்டில் ஏறிவிடும்.

சென்னை: ஒரு ஊர், நான்கு விளக்குகள்

சென்னையில் இதுவரை நான்கு கலங்கரை விளக்கங்கள் இருந்திருக்கின்றன. நாலும் இன்றும் பார்க்கக் கிடைக்கின்றன.

முதலாவது 1796-ல் புனித ஜார்ஜ் கோட்டைக்குள் ஏற்றப்பட்டது. தனிக் கோபுரம் எல்லாம் கிடையாது. இன்றைக்குக் கோட்டை அருங்காட்சியகமாக இருக்கும் கட்டடத்தின் மொட்டைமாடியில் தேங்காய் எண்ணெயில் எரியும் 12 விளக்குகள் கொண்ட பெரிய கூண்டு. 25 மைல் தூரம் தெரிந்ததாம். எனக்குப் பிடித்த விஷயம் அந்தக் கட்டடம் அப்போது என்னவாக இருந்தது என்பது. கீழே மெட்ராஸ் வங்கியின் அலுவலகம். மேலே வியாபாரிகள் கூடும் எக்ஸ்சேஞ்ச் மண்டபம், லாட்டரிக் குலுக்கல்கூட அங்கே நடந்திருக்கிறது. கீழே வங்கி, நடுவில் சந்தை, மேலே விளக்கு! கம்பெனி ஆட்சி எதற்காக விளக்கு ஏற்றியது என்பதை அந்தக் கட்டடமே சொல்லிவிடுகிறது.

இரண்டாவது, உயர் நீதிமன்ற வளாகத்தில் நிற்கும் கல்தூண். கிரேக்கக் கோயில் தூண் மாதிரி இருக்கும். உயரம் சுமார் 125 அடி. 1844-ல் எரியத் தொடங்கி ஐம்பது வருடம் எரிந்தது.

இந்தத் தூணைப் பற்றிப் படிக்கும்போது எனக்கு ஒரு கப்பல் ஞாபகம் வந்தது. 1860 அக்டோபரில் 'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து புறப்பட்டு நவம்பர் 16-ல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் போய்ச் சேர்ந்தது. அதில் போனவர்கள் 342 பேர், நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன முதல் கூட்டம். அன்றைக்குச் சென்னைக் கரையில் எரிந்த விளக்கு இந்தத் தூணில் இருந்ததுதான். துறைமுகக் கணக்கில் அந்தக் கப்பலுக்கும் மற்றக் கப்பலைப் போலத்தான் கட்டணம் இருந்திருக்கும். உள்ளே இருந்தது துணி மூட்டையா, ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்த மனிதனா என்பது விளக்குக்குத் தெரியாது. விளக்கு கப்பலைத்தான் கூப்பிட்டது. கப்பல் வந்து மனிதர்களை ஏற்றிக்கொண்டு போனது. வரலாற்றில் வணிகம் என்று நாம் பெருமையாகப் படிப்பதில் இதுவும் ஒரு வரவு.

மூன்றாவது, உயர் நீதிமன்றக் கட்டடத்தின் உச்சிக் கோபுரம். சுமார் 175 அடி. 1894-ல் விளக்கு இங்கே மாறியது. நீதியும் வெளிச்சமும் ஒரே கூரையில் என்று நண்பன் ஒருவன் வசனம் பேசினான். ஆனால் இந்த விளக்கின் கதையில் சுவாரஸ்யமான இடம் 1914 செப்டம்பர் 22. முதல் உலகப் போர் தொடங்கி ஏழு வாரம் ஆகியிருந்தது. ஆனாலும் சென்னையில் விளக்குகளை அணைக்கவில்லை, கலங்கரை விளக்கம் உட்பட. இரவு ஒன்பது மணிக்கு மேல் ஜெர்மன் போர்க்கப்பல் 'எம்டன்' வந்தது. கேப்டன் கார்ல் ஃபான் முல்லர். சில நிமிடங்களில் சுமார் 130 குண்டுகளை வீசி, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுத் திரும்பிப் போய்விட்டது. 'அவன் சரியான எம்டன்' என்று இன்றைக்கும் நம் வீடுகளில் சொல்கிறார்களே, அந்த எம்டன்தான்.

பாடப்புத்தகத்தில் 'காசு கட்டாதவரை விலக்க முடியாது' என்று ஒரு வரி வரும். எம்டனை நினைத்தால் அந்த வரிக்கு முழு அர்த்தம் புரியும். காசு கட்டாதவனை மட்டுமல்ல, எதிரியைக்கூட விலக்க முடியாது. விளக்கு அவனையும் சேர்த்துத்தான் கூப்பிடும்.

நான்காவது, மெரினாவில் இப்போது இருப்பது. 1977 ஜனவரி 10-ல் செயல்படத் தொடங்கியது. முக்கோண வடிவம், சுமார் 46 மீட்டர் உயரம், உள்ளே லிஃப்ட். பாதுகாப்புக் காரணங்களால் பல ஆண்டுகள் பொதுமக்களை விடாமல் வைத்திருந்து, 2013 நவம்பரில் மறுபடி திறந்தார்கள்.

மாமல்லபுரம்: கோயில் மேல் ஒரு விளக்கு

சென்னையிலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் மாமல்லபுரம். வழி முழுக்க இடதுபுறம் கடல் எட்டிப் பார்த்துக்கொண்டே வரும்.

மாலுமிகள் இந்த ஊரை 'ஏழு கோயில்கள்' என்று பெயர் வைத்துத்தான் அடையாளம் சொன்னார்கள். அதாவது விளக்கு இல்லாத பகல் நேரத்தில் கோபுரங்களே அடையாளம். இங்கே மகிஷாசுரமர்த்தினி குகைக்கு மேலே பாறை உச்சியில் ஓலக்கண்ணேஸ்வரர் கோயில் இருக்கிறது. 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பல்லவ மன்னன் ராஜசிம்மன் காலத்தில் கட்டியது என்பார்கள். பல்லவர் காலத்திலேயே இங்கே தீ மூட்டிக் கப்பல்களுக்கு வழி காட்டினார்கள் என்றும், இதுதான் இந்தியாவின் மிகப் பழைய கலங்கரை விளக்கம் என்றும் சொல்வதுண்டு. பெரும்பாணாற்றுப்படையின் நீர்ப்பெயற்று இதே ஊர்தான் என்று கருதும் அறிஞர்களும் உண்டு. பல்லவர் தீயைப் பற்றி எனக்குக் கல்வெட்டு ஆதாரம் எதுவும் கண்ணில் படவில்லை. ஆனால் 1887-ல் பிரிட்டிஷார் அந்தக் கோயிலின் கூரை மேலேயே விளக்கு வைத்தார்கள் என்பது நிச்சயம். பின்னர் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பக்கத்திலேயே இப்போதுள்ள கருங்கல் கோபுரம் வந்தது.

கோபுரத்தில் ஏறினோம். குறுகலான சுழல்படி, முடிவில் குனிந்து நுழையவேண்டிய ஒரு சின்ன வாசல். வெளியே வந்தால் காற்று ஆளைத் தள்ளுகிறது. கிழக்கே கடற்கரைக் கோயில், அதன் முன்னால் அலை. சுற்றிலும் சவுக்குத் தோப்பு. கீழே எட்டிப் பார்த்தால் ஓலக்கண்ணேஸ்வரர். ஆயிரத்து முந்நூறு வருடத்துக்கு முந்தைய கோயிலையும் நூற்றுச்சொச்சம் வருடத்துக் கோபுரத்தையும் ஒரே பார்வையில் பார்க்க முடிகிறது. இரண்டும் ஒரே பாறையைத்தான் தேர்ந்தெடுத்திருக்கின்றன. பல்லவனுக்கும் வெள்ளைக்காரனுக்கும் சாமி வேறு, தேவை வேறு. ஆனால் உயரமான இடம் இரண்டு பேருக்கும் ஒன்றுதான்.

இந்தக் கோபுரமும் பாதுகாப்புக்காக 2001 முதல் மூடப்பட்டிருந்து, 2011-ல் திறக்கப்பட்டது. மேலே ஏற டிக்கெட் வாங்கவேண்டும். இந்த டிக்கெட் விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன்.

புதுச்சேரி: நீலத் துணிக்காக ஒரு விளக்கு

மாமல்லபுரத்திலிருந்து புதுச்சேரி போகும் நூறு கிலோமீட்டர்தான் இந்தப் பயணத்தின் அழகான பகுதி. உப்பளம், காயல், தென்னை, மறுபடி உப்பளம். சாயங்காலம் கடற்கரைச் சாலையில் போய் நின்றோம். காந்தி சிலைக்குப் பக்கத்தில் பழைய பிரெஞ்சுக் கலங்கரை விளக்கம். எல்லோரும் கடலைப் பார்த்து போட்டோ எடுக்கிறார்கள், விளக்குக்கு முதுகைக் காட்டிக்கொண்டு!

அது முதலில் ஏற்றப்பட்டது 1836 ஜூலை 1. இங்கிலாந்துப் பாராளுமன்றம் தனியார் விளக்குகளை வாங்கச் சட்டம் போட்ட அதே வருடம். அந்தக் காலப் புதுச்சேரியின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். ஆங்கிலேயரோடு போட்ட சண்டையில் எல்லாம் தோற்று, 1814-ல் போட்ட ஒப்பந்தப்படி 1816-ல்தான் ஊரைத் திரும்பப் பெற்றார்கள். கோட்டை கட்டக்கூடாது, படை வைக்கக்கூடாது. மிச்சம் இருந்தது வியாபாரம் ஒன்றுதான். 1820-களின் இறுதியில் ஊரில் நூற்பாலை வந்தது. இங்கே நெய்து அவுரியில் தோய்த்த நீலத் துணிக்கு 'கினே' என்று பெயர். அது பிரான்ஸ் வழியாக ஆப்பிரிக்காவின் செனகலுக்குப் போனது. அங்கே அதைக் கொடுத்துப் பிசின் வாங்கினார்கள். அந்த நாட்டில் நம் ஊர் நீலத் துணி பணத்தைப் போலவே புழங்கியது.

இப்படிப்பட்ட ஊருக்கு விளக்கு அலங்காரம் இல்லை, மூலதனம். கோட்டை கட்ட அனுமதி இல்லாதவன் விளக்கு கட்டினான். இந்தக் கரையிலிருந்தும் காரைக்காலிலிருந்தும்தான் பின்னர் ரீயூனியனுக்கும் மார்த்தினிக்குக்கும் குவாதலூப்புக்கும் தமிழர்கள் கூலிகளாகக் கப்பல் ஏறினார்கள் என்பதையும் சேர்த்தே எழுதவேண்டும். 1979-ல் புதிய, உயரமான கோபுரம் வந்ததும் பழைய விளக்கு ஓய்வு பெற்றது.

தரங்கம்பாடியும் நாகப்பட்டினமும்: விளக்கில்லாத அடையாளங்கள்

மூன்றாம் நாள் கடலூர், சிதம்பரம் தாண்டித் தரங்கம்பாடி. 1620-ல் தஞ்சை நாயக்கர் ரகுநாதரோடு ஒப்பந்தம் போட்டு டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை கடலைப் பார்த்து நிற்கிறது. 225 வருடம் வைத்திருந்து, 1845-ல் தங்கள் இந்தியக் குடியிருப்புகளை பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். ஊரையே கிரயம் செய்த கதை! கடற்கரையில் மாசிலாமணிநாதர் கோயில். 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டியது. முன்பகுதியைக் கடல் எடுத்துக்கொண்டுவிட்டது. இந்தக் கடற்கரை அழகானது, ஆனால் கணக்குக் கேட்கும் கடல்.

அங்கிருந்து காரைக்கால் வழியாக நாகப்பட்டினம். ராஜராஜ சோழன் காலத்தில் ஸ்ரீவிஜய அரசர் இங்கே சூடாமணி விகாரம் என்ற பௌத்தப் பள்ளியைக் கட்டினார். அதன் செலவுக்கு ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாய் கொடுக்கப்பட்டதை லெய்டன் செப்பேடுகள் சொல்கின்றன. பிற்காலத்தில் இந்த ஊரில் பல அடுக்குச் செங்கல் கோபுரம் ஒன்று பாழடைந்து நின்றது. மாலுமிகளுக்கு அதுதான் நாகப்பட்டினத்தின் அடையாளம். 1846-ல் வால்டர் எலியட் என்ற ஆங்கிலேய அதிகாரி அதைப் பார்த்து எழுதி வைத்தார். 1867-ல் அதை இடித்துவிட்டார்கள்.

இதில் கவனிக்கவேண்டியது, அந்தக் கோபுரத்தைக் கட்டியவர்கள் அதை வழிகாட்டியாகக் கட்டவில்லை. வழிபாட்டுக்காகக் கட்டினார்கள். கடலில் போகிறவர்கள் இலவசமாகப் பயன்படுத்திக்கொண்டார்கள். பல நூற்றாண்டுகள் யாரும் அதற்கு ஒரு காசு கட்டவில்லை. இடிக்கும்போது அது வேண்டும் என்று நிறுத்தவும் ஆள் இல்லை.

கோடிக்கரை: எஞ்சாத விளக்கு

நாகப்பட்டினத்திலிருந்து வேளாங்கண்ணி, வேதாரண்யம் வழியாகக் கோடிக்கரை. கரை தெற்கே வந்து சட்டென்று மேற்கே திரும்பும் முனை இது. பாக் நீரிணைக்கு வாசல். அந்தப் பக்கம் இலங்கை. ஆகவே இங்கே விளக்கு எந்தக் காலத்திலும் தேவைப்பட்டிருக்கும்.

கல்கி 1950 முதல் 1954 வரை எழுதிய பொன்னியின் செல்வனில் பூங்குழலியின் அப்பா தியாகவிடங்கர் இங்கே கலங்கரை விளக்கத் தலைவர். கதையைப் படித்துவிட்டு வருகிறவர்கள் முதலில் தேடுவது அந்தச் சோழர் காலத்து விளக்கைத்தான். சோழர் கட்டியது என்று ஊரில் சொல்லிவந்த செங்கல் கட்டடம் ஒன்று கடலோரத்தில் சிதைந்த நிலையில் நின்றுகொண்டிருந்தது உண்மை. ஆனால் 2004 டிசம்பர் 26 சுனாமி அதையும் கொண்டுபோய்விட்டது. அந்த நாளில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அவ்வளவு உயிர்கள் போன இடத்தில் ஒரு செங்கல் கட்டடத்துக்கு அழுவது சரியில்லை என்று எனக்கும் தெரியும். ஆனாலும் அது பற்றி ஒன்று சொல்லவேண்டும்.

அந்தக் கட்டடம் சுனாமிக்கு முதல்நாள் வரை முழுசாக நின்று மறுநாள் விழவில்லை. பல காலமாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைந்துகொண்டிருந்தது. 1890-ல் பிரிட்டிஷார் கட்டிய 13 மீட்டர் விளக்கும், 1999-ல் வந்த உயரமான புதுக் கோபுரமும் இதே ஊரில் இருக்கின்றன. கப்பல் கட்டணம் வரும் விளக்குக்குப் பராமரிப்பும் வரும். கட்டணம் நின்றுபோன விளக்குக்கு? விளக்கு பொதுப் பண்டம் என்று பாடம் நடத்துகிறோம். அணைந்துபோன விளக்கின் நினைவும் பொதுப் பண்டம்தான். எல்லோருக்கும் சொந்தம், எல்லோருக்கும் பெருமை, செலவு செய்ய மட்டும் ஆளில்லை.

மனோரா: ஐஸ் வைக்க ஒரு கோபுரம்

கடைசி நாள் முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் வழியாக மனோரா. அறுகோண வடிவில் எட்டு அடுக்கு, சுமார் 75 அடி. சுற்றி அகழி. முன்னால் அலையே இல்லாத, குளம் மாதிரியான கடல். எங்கள் பயணத்தில் பார்த்த கடற்கரைகளிலேயே அமைதியானது இதுதான்.

கட்டியவர் தஞ்சை மராத்திய மன்னர் இரண்டாம் சரபோஜி. எதற்காகக் கட்டினார் தெரியுமா? ஐரோப்பாவில் நெப்போலியன் தோற்றதற்காக! ஆங்கிலேயரின் வெற்றியையும் போனபார்ட்டின் வீழ்ச்சியையும் கொண்டாட அவர்களின் நண்பர் சரபோஜி கட்டியது என்று கல்வெட்டே இருக்கிறது. 1814 என்று வருடமும் போட்டிருக்கிறது. 1799 ஒப்பந்தத்தில் நாட்டின் நிர்வாகத்தைக் கம்பெனியிடம் கொடுத்துவிட்டு, கோட்டையும் வருட மானியமும் மட்டும் வைத்திருந்த அரசர் வேறென்ன செய்வார்? இது கலங்கரை விளக்கமாகவும் பயன்பட்டது என்று சொல்வார்கள். நாங்கள் நின்ற இடத்தில் கரையில் மீனவர்கள் வலை உலர்த்திக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒரு பெரியவர், கடலில் இருந்து திரும்பும்போது மனோரா தெரிந்தால் ஊர் வந்துவிட்டது என்று அர்த்தம் என்றார். நெப்போலியன் யார் என்ற பேச்சே வரவில்லை. யாரையோ சந்தோஷப்படுத்தக் கட்டிய கோபுரம் கடைசியில் யாருக்கு உதவுகிறது பாருங்கள்!

கணக்கை முடிப்போம்

ஆக, கலங்கரை விளக்கத்துக்கு யார் காசு கொடுத்தார்கள்? நான் பார்த்த வரையில் ஒரே பதில் இல்லை. சென்னையில் கம்பெனி ஏற்றியது, வியாபாரத்துக்காக. புதுச்சேரியில் பிரெஞ்சு அரசு, மிச்சமிருந்த வணிகத்துக்காக. மனோராவில் மானியம் வாங்கும் ராஜா, எஜமானனுக்காக. நாகப்பட்டினத்தில் கடல் கடந்த அரசனின் பக்தி. இந்தியாவில் 1927-ல் கலங்கரை விளக்கச் சட்டம் வந்தது. துறைமுகத்துக்கு வரும் கப்பல்களிடம் டன் கணக்கில் விளக்குக் கட்டணம் வசூலித்து விளக்குகளை நடத்தும் முறை அதில் உறுதியானது. 2021-ல் அதற்குப் பதிலாகப் புதிய சட்டம் வந்திருக்கிறது. கோஸ் சொன்னது சரிதான், துறைமுகத்தில் வைத்து வசூலிக்க முடிகிறது. மில் சொன்னதும் சரிதான், அரசு கையில் இல்லாமல் வசூல் நடக்காது.

ஆனால் இரண்டு பேர் கணக்கிலும் வராத ஒருவர் இருக்கிறார். கட்டுமரத்திலும் நாட்டுப்படகிலும் போகிறவர். அவரிடம் யாரும் விளக்குக் கட்டணம் கேட்பதில்லை. அவர் துறைமுகத்துக்கே போவதில்லை, மணலில் ஏறி வருகிறார். பெரிய கப்பல்களுக்கு இன்று செயற்கைக்கோள் வழிகாட்டுகிறது. விளக்கு அவர்களுக்கு இரண்டாவது சாட்சி மட்டும்தான். கட்டணம் கட்டுகிறவர்களுக்கு அவசியம் குறைந்து, கட்டாதவர்களுக்கு அவசியம் அப்படியே இருக்கும் பண்டம் இது. லாப நஷ்டக் கணக்கு மட்டும் பார்த்தால் இந்த விளக்கை அணைத்துவிடலாம் என்று ஒருநாள் யாராவது சொல்லக்கூடும். பெரும்பாணாற்றுப்படை காலத்திலிருந்து இந்தக் கரையில் விளக்கு இவன் கட்டினான், அவன் கட்டவில்லை என்று பார்த்துக் கூப்பிடவில்லை என்பதை அப்போது நாம் எடுத்துச் சொல்லவேண்டும்.

டிக்கெட் விஷயத்துக்கு வருகிறேன் என்றேனே. இப்போது விளக்குகளுக்கு ஒரு புது வாடிக்கையாளர் கிடைத்திருக்கிறார்: மேலே ஏறிக் கடலைப் பார்க்க வரும் நாம். முன்பு கடலிலிருந்து விளக்கைப் பார்த்தவர்கள் காசு கொடுத்தார்கள். இன்று விளக்கிலிருந்து கடலைப் பார்ப்பவர்களும் காசு கொடுக்கிறோம். தொகை சின்னதுதான். ஆனால் ஆள் வந்து போகும் கட்டடத்தை அவ்வளவு சுலபமாக இடியவிட மாட்டார்கள். கோடிக்கரைச் செங்கல் விளக்குக்கு அந்த அதிர்ஷ்டம் கிடைக்கவில்லை.

நீங்கள் ஈ.சி.ஆர். பக்கம் போனால் கடலில் கால் நனைத்த கையோடு அந்த ஊர் விளக்கையும் ஒரு எட்டு போய்ப் பாருங்கள். டிக்கெட் இருந்தால் வாங்கி மேலே ஏறுங்கள். தண்ணீர் பாட்டில் எடுத்துப் போங்கள், படிகள் கொஞ்சம் அதிகம்.